‘கட்’ சொன்ன பிறகுதான் த்ரில்லரே!

ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போனால் எல்லார் கண்ணும் ஹீரோ மேல்தான் இருக்கும். அடுத்த முறை போகும்போது கொஞ்சம் அந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள். கேமரா பெட்டிகளுக்குப் பின்னால் கறுப்புத் துணி மறைத்த ஒரு மூலை இருக்கும். உள்ளே ஒரு லேப்டாப், ஒரு யுபிஎஸ், ஒயர் குவியல், நடுவில் ஒரு மனிதர். பக்கத்தில் யாராவது டீ கிளாஸோடு வந்தாலே பதறிப்போவார். யூனிட்டில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது; ‘டிஐடி’ (டிஜிட்டல் இமேஜிங் டெக்னீஷியன்) என்றுதான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து கொட்டிய செயற்கை மழை, அதில் நனைந்த டான்ஸர்கள், கிரேன் வாடகை, ஹீரோவின் கால்ஷீட் என்று அன்றைய செலவு மொத்தமும் இப்போது அவர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மெமரி கார்டுக்குள் கிடக்கிறது. உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது!

எழுதும்போதே எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அவரோ நிதானமாகக் கார்டைச் செருகுகிறார்.

இங்கே நடக்கிற சடங்கைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அவ்வளவு ரசனை! படம் பிடித்து முடித்த கார்டின் மேல் சிவப்பு டேப் ஒட்டுவது பல யூனிட்களில் வழக்கம். ‘யாரும் தொடக்கூடாது’ என்று அர்த்தம். சில்வர்ஸ்டாக், ஆஃப்ஷூட் (முன்பு ஹெட்ஜ்), ஷாட்புட் ப்ரோ மாதிரி ஒரு சாஃப்ட்வேரைத் திறந்து, கார்டில் இருப்பதை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டிஸ்க்குகளுக்கு அனுப்புகிறார். மவுஸால் இழுத்துப் போட்டால் ஆகாதா என்று கேட்டால் முறைப்பார். ஏனென்றால் இந்த சாஃப்ட்வேர்கள் வெறுமனே நகல் எடுத்துவிட்டுப் போவதில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் கணக்குப் போட்டு ஓர் எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளும். செக்சம் என்பது அதுதான். நகல் எடுத்த பிறகு அந்த ஃபைலையும் திரும்பப் படித்து அதே கணக்கைப் போடும். இடையில் ஒரே ஒரு பிட் புரண்டிருந்தாலும் எண் மொத்தமாக மாறிவிடும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பச்சை டிக். பச்சை டிக் வராமல் கார்டை ஃபார்மட் செய்தவருக்கு அடுத்த படத்தில் வேலை இல்லை.

அளவைக் கேட்டால் மயக்கமே வரும். ஆரி அலெக்ஸா மினி எல்எஃப் கேமராவில் முழு சென்ஸாரையும் பயன்படுத்தி ஆரிரா ஃபார்மட்டில் எடுத்தால் ஒரு ஃப்ரேமே 20 எம்பிக்கு மேல். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால், ஒரு மணி நேர ஃபுட்டேஜ் சுமார் 1.8 டெராபைட். இரண்டு கேமரா ஓடுகிற சண்டைக்காட்சியை நினைத்துப் பாருங்கள். அதையும் மூன்று காப்பி எடுக்க வேண்டும்!

சரி, கிளவுடில் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அப்லோட் ஆகும் நல்ல கனெக்‌ஷனிலேயே இரண்டு டெராபைட் ஏற 44 மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த ஷெட்யூலே தொடங்கிவிடும். எனவே டிஸ்க் பைக்கில் பறக்கிறது. நாலு டெராபைட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் அடையாறிலிருந்து சாலிகிராமம் போகிற உதவி எடிட்டரின் வேகத்தைக் கணக்குப் போட்டால் நொடிக்குக் கிட்டத்தட்ட 18 ஜிகாபிட். சென்னையின் அதிவேக நெட்வொர்க் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கிறது.

சாலிகிராமம், வடபழனிப் பக்கத்து எடிட்டிங் அறைகளில் ஏசி எப்போதும் குளிர்காலத்தில்தான் இருக்கும். மானிட்டரை விட்டுவிட்டு அலமாரியைப் பாருங்கள். வரிசையாக டிஸ்க்குகள். மேலே வெள்ளை டேப்பில் மார்க்கர் எழுத்து: படத்தின் பெயர், ஷெட்யூல், ‘ஏ கேம்’, ‘பி கேம்’, ‘சாங்’. எங்கோ ஒன்றில் ‘எடுக்காதே’ என்று மட்டும் இருக்கும். உள்ளே என்ன என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. ஆயுத பூஜை அன்று இவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. காற்றோட்டத் துளையை அடைக்காமல் பொட்டு வைக்கத் தெரிந்தவர்தான் நல்ல உதவி எடிட்டர்.

இவ்வளவு மரியாதை ஏன்? டிஸ்க்குக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் நீங்களும் கும்பிடுவீர்கள். கையடக்க ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடிபோலப் பளபளக்கும் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதைப் படிக்கும் ஹெட் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒயரைத் தட்டிவிட்டு, டிஸ்க் மேஜையிலிருந்து தரையில் விழுந்தால் ஹெட் தட்டில் மோதிவிடும். தட்டில் கீறல் விழுந்த இடத்தில் இருந்தது ஹீரோயின் அறிமுகமா, வெறும் கிளாப் போர்டா என்பதெல்லாம் அதிர்ஷ்டம்.

பிறகு கேட்கும் ஒரு சத்தம். டக்… டக்… டக். ஹெட் தன் இடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்கே போய்வருகிற சத்தம் அது. இந்தச் சத்தம் வந்தால் எடிட்டிங் அறையில் பாட்டு நிற்கும், போன் சைலன்ட் ஆகும், கூகுளில் ‘ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகுமா’ என்று யாரோ தேடுவார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்! வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து, பிழைத்திருக்கக் கூடியதும் செத்துவிடும். செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: உடனே ஒயரைப் பிடுங்கி, மறுபடி செருகாமல் இருப்பது. ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று செருகும் ஒவ்வொரு முறையும் ஹெட் கீறிக்கொண்டே போகும்.

அடுத்த ஸ்டாப், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடைகள் உண்டு. ஒரு காலத்தில் அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டினால் உயிர் வந்துவிடும். இப்போது ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்கென்று சில அளவீடுகளைப் போர்டில் ஒரு சின்ன சிப்பில் வைத்திருக்கிறது. அந்த சிப்பையும் பெயர்த்து மாற்றத் தெரிந்த கை வேண்டும். ஹெட்டே போயிருந்தால் தூசியில்லாத கிளீன் ரூம், அதே மாடலில் இன்னொரு டிஸ்க்கிலிருந்து எடுத்த ஹெட், அப்புறம் உங்கள் ராசி. பில் வரும்போது அந்தத் தொகையில் புது டிஸ்க் எத்தனை வாங்கியிருக்கலாம் என்று மனம் தானாகவே வகுத்துப் பார்க்கும்.

எஸ்எஸ்டி வந்தாச்சே, அதில் சுழலும் தட்டே இல்லையே? உண்மைதான், கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் சாகும்போது டக் டக் என்று முன்னறிவிப்புகூடத் தராமல் போய்விடக் கூடியது அது. 2023இல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ வகை எஸ்எஸ்டிகள் சில, வேலை நடுவில் காணாமல்போவதாக உலகெங்கும் வீடியோக்காரர்கள் அலறினார்கள். அந்த ஆண்டு மே மாதம் அப்போதைய தாய் நிறுவனமான வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. அமெரிக்காவில் வழக்குகளும் பாய்ந்தன. இன்னொன்று: எஸ்எஸ்டியில் தெரியாமல் அழித்ததை மீட்பதும் கஷ்டம். ட்ரிம் என்ற ஏற்பாடு, அழித்த இடத்தைப் பின்னணியில் சத்தமில்லாமல் துடைத்து வைத்துவிடும்.

இப்போது இந்தத் துறையின் ஆகச்சிறந்த கதைக்கு வருவோம். எனக்கு எத்தனை முறை கேட்டாலும் அலுக்காதது! 1998. பிக்ஸார் ஸ்டூடியோவில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒருவர் தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிடுகிறார். தொழில்நுட்பக் குழுவின் ஓரன் ஜேக்கப், கதாபாத்திரம் வுடி இருக்கும் ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபைல்கள் குறைகின்றன. தொப்பி போச்சு, பூட்ஸ் போச்சு, அப்புறம் வுடியே போச்சு! மெஷின் ரூமுக்குப் போன் போட்டு ‘ஒயரைப் பிடுங்குங்கள்’ என்று கத்துகிறார்கள். பிடுங்குவதற்குள் படத்தில் சுமார் 90 சதவீதம் காலி.

பேக்கப் இருக்கிறதே என்று ஓடினார்கள். இருந்தது. ஆனால் அது கிட்டத்தட்ட ஒரு மாதமாகச் சரியாகவே பதிவாகவில்லை, யாரும் திறந்தும் பார்க்கவில்லை. கடைசியில் காப்பாற்றியது ஒரு கைக்குழந்தை! பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்த்த காலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் காப்பி ஒன்று இருந்தது. வால்வோ காரின் பின்சீட்டில் அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, சீட் பெல்ட் மாட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஆள்வைத்துச் சரிபார்த்து மீட்டார்கள். இதில் கொடுமை என்ன தெரியுமா? அப்புறம் கதையே சரியில்லை என்று பெரும்பகுதியை மாற்றித் திரும்பச் செய்தார்கள். படம் 1999 நவம்பரில் வெளியானது.

பேக்கப் என்றால் காப்பி எடுப்பது என்றே நினைக்கிறோம். திறந்து ஓட்டிப் பார்க்காத காப்பியை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். பிக்ஸாரிடம் பணம், ஆள், மெஷின் எல்லாம் இருந்தன; திறந்து பார்க்கும் பழக்கம் மட்டும்தான் இல்லை.

எத்தனை காப்பி வேண்டும்? அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் 2000களில் தன் புத்தகம் மூலம் பரப்பிய 3-2-1 கணக்குதான் இன்றும் செல்லுபடி. மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகை சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். ‘வேறு இடம்’ என்பதைச் சென்னைக்காரருக்கு விளக்கவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் நகரத்தின் தரைத்தளங்கள் மூழ்கின. ஒரே அலமாரியில் மூன்று டிஸ்க் வைத்திருந்தால் மூன்றும் ஒன்றாகத்தான் நனையும். அதனால்தான் விவரமான தயாரிப்பு நிர்வாகிகள் எல்லாக் காப்பிகளையும் ஒரே காரில் அனுப்ப விடுவதில்லை.

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு பாக்ஸ் வைத்திருக்கிறேன் என்று மார்தட்டுகிறவர்களுக்கு: ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட அது உதவும். ஆனால் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். பெரிய கம்பெனிகள் எல்டிஓ என்ற காந்த டேப்புக்குப் போகின்றன. எல்டிஓ-9 கேட்ரிட்ஜ் ஒன்றில் 18 டெராபைட் ஏறும், மின்சாரம் இல்லாமல் அலமாரியில் பல ஆண்டு தூங்கும். டிரைவ் விலைதான் லட்சக்கணக்கில். டேப்பை வைத்திருக்கிற புண்ணியவான்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவர்கள் கவலையே இல்லாத முகத்தோடு சாப்பிடுகிறார்கள்.

சின்ன எடிட்டர்களுக்குச் செலவே இல்லாத ஒரு தந்திரம் உண்டு. ஃபுட்டேஜ் டெராபைட் கணக்கில் இருந்தாலும் ப்ராஜெக்ட் ஃபைல் பெரும்பாலும் சில எம்பிதான். வெட்டு, ஒட்டு, டைட்டில் என்று மாதக்கணக்கான உழைப்பு அதற்குள்தான் இருக்கிறது. தினமும் ராத்திரி கிளம்பும்முன் அதைத் தனக்கே மெயில் அனுப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘சத்தியமா ஃபைனல்’ என்று இன்பாக்ஸ் நிறையும், பரவாயில்லை.

எனக்கு அதிகம் பயம் கல்யாண வீடியோக்காரர்களைப் பற்றித்தான். சினிமாவில் ரீடேக் உண்டு. தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியுமா? இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்து, மண்டபத்திலேயே பந்திக்குப் போகும்முன் லேப்டாப்பில் இறக்குகிறவர்களுக்கு அட்வான்ஸைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அவர்களும் எல்லார் வீட்டுக் கல்யாணத்தையும் காலத்துக்கும் வைத்திருக்க முடியாது. டெலிவரி கொடுத்துச் சில மாதத்தில் அந்த டிஸ்க்கில் அடுத்த சீஸன் முகூர்த்தங்கள் ஏறிவிடும்.

ஆகவே, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும் உங்கள் கல்யாண டிஸ்க்கை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். செருகி, நடுவிலிருந்து ஒரு கிளிப்பைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அன்றைக்கே இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டால் எக்காரணம் கொண்டும் ‘சரி’ சொல்லிவிடாதீர்கள்.