உங்களுக்குத் தெரியுமா? திமிங்கலச் சுறாவோடு நீந்த எவ்வளவு தூரம் போக வேண்டும்?

★ செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ.தான். கடற்கரைக் கோயிலுக்கு எதிரே விரிந்துகிடக்கும் வங்கக் கடல், உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறா உலவும் கடல். ஆனால் நாள் குறித்து வராது. புதுச்சேரிப் பக்கம் முக்குளிப்பவர்கள் எப்போதாவது பார்த்திருக்கிறார்கள். நம் மீனவர்களின் வலையில் தவறிச் சிக்குவதும் உண்டு.

★ அதனோடு நீந்தியே தீர வேண்டும் என்பவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளப்பாறைக் கடலுக்குப் போகிறார்கள். பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத்துக்குக் காரில் ஏறக்குறைய 1,250 கி.மீ. செங்கல்பட்டிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பும் தூரம்! மார்ச் முதல் ஜூலை வரை சீசன். சிறு விமானம் மேலிருந்து தேடி இடம் சொல்ல, படகு அங்கே விரையும். ஒரு சுறாவைச் சுற்றி ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளியே நீந்த வேண்டும். தொடக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. நீந்தப் போவதென்றால் இப்படிக் கண்டிப்பான இடத்துக்குத்தான் போக வேண்டும். பிலிப்பைன்சின் ஒஸ்லோபில் இரை போட்டு வரவழைத்துக் காட்டுகிறார்கள். அங்கே போகாதீர்கள் என்பேன்.

★ திமிங்கலச் சுறா 18 மீட்டர் வரை வளரும். வாயில் சுமார் 3,000 பொடிப் பற்கள் இருந்தும் கடிப்பதில்லை. கடல்நீரை உறிஞ்சி மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும்.

★ 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒரு தாய்ச் சுறாவின் வயிற்றில் 300 குட்டிகள் இருந்தன.

★ குஜராத்தின் வேராவல் கடற்கரையில் ஒருகாலத்தில் திமிங்கலச் சுறாவை வேட்டையாடினார்கள். ஈரல் எண்ணெயைப் படகுக்குப் பூசினார்கள், இறைச்சியை ஏற்றுமதி செய்தார்கள். அந்தக் கொடுமையை மைக் பாண்டே ஆவணப்படமாக எடுத்தார். 2001-இல் திமிங்கலச் சுறா சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற முதல் மீன் இதுதான். கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை.

சட்டத்தைவிட ஒரு பேச்சு அதிகம் சாதித்தது. ‘பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளைக் கொல்வீர்களா?’ என்ற பொருளில், சுறாவை மகளாகப் பாவித்து, ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு மீனவர்களிடம் பேசினார். வேட்டையாடிய அதே கைகள் வலையை அறுத்துச் சுறாவை விடுவிக்கத் தொடங்கின. இதுவரை நூற்றுக்கணக்கில் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. அறுத்த வலைக்கு அங்கே நஷ்டஈடு உண்டு. நல்ல வலை ஒன்று ஒரு குடும்பத்தின் முதல். அதை இழக்கத் துணிபவருக்கு ஈடு கொடுப்பதுதான் நியாயம். எந்தக் கடற்கரைக்கும் இது பொருந்தும்.

★ 2019 ஆகஸ்டில் பாம்பனில் இறந்து ஒதுங்கிய சுமார் 18 அடித் திமிங்கலச் சுறாவின் உணவுக்குழலில் சிக்கியிருந்தது ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன். மாமல்லபுரம் மணலில் சுண்டலோ ஐஸ்கிரீமோ வாங்கிச் சாப்பிடுபவர்கள் ஸ்பூனைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

★ ஒவ்வொரு சுறாவின் புள்ளிக்கோலமும் வேறு. விண்மீன்களின் அமைப்பை ஒப்பிட வானியலாளர்கள் உருவாக்கிய கணக்குமுறையை வைத்தே புள்ளிகளை ஒப்பிட்டு, இது இன்ன சுறா என்று அடையாளம் காண்கிறார்கள். ஆகவே எந்தக் கடலிலாவது பார்க்க வாய்த்தால், இடப்பக்கம், செவுளுக்குச் சற்றுப் பின்னால் தெளிவாக ஒரு படம் எடுங்கள். ஆராய்ச்சிக்கு உதவும் படம் அதுதான்.