டீ 'வெரி ஹாட்'டா, 'டூ ஹாட்'டா? ஒரு சின்னச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் 'முடியாது'

ஆலங்குளத்தில் தென்காசி - திருநெல்வேலி சாலையோரம் ஒரு டீக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் புறப்படப் போகிறது. கையில் ஆவி பறக்கும் டீ. "அண்ணாச்சி, வாய்ல வைக்க முடியாத சூடால்லா இருக்கு, கொஞ்சம் ஆத்திக் குடுங்க" என்கிறார் வேலைக்குக் கிளம்பிய இளைஞர். அந்த ஒரு வரியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. சூடு எவ்வளவு என்ற அளவு ஒன்று. அதனால் குடிக்க முடியவில்லை என்ற விளைவு இன்னொன்று.

அதே இளைஞர் இதையே ஆங்கிலத்தில் சொன்னால், பெரும்பாலும் 'தி டீ இஸ் வெரி ஹாட்' என்று முடித்துவிடுவார். அளவு வந்துவிட்டது. விளைவு காணாமல் போய்விட்டது.

டீக்கடையில் இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் தென்காசி அருகே மத்தளம்பாறையிலேயே ஸோஹோ போன்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இயங்கும் காலம் இது. ஊரில் இருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மெயில் எழுத வேண்டியிருக்கிறது. 'தி டெட்லைன் இஸ் வெரி டைட்' என்று எழுதினால், "கஷ்டம்தான், ஆனால் முடித்துவிடுவார்கள்" என்றே எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். 'தி டெட்லைன் இஸ் டூ டைட் ஃபார் அஸ் டு டெஸ்ட் எவ்ரிதிங்' என்று எழுதினால், "இந்தக் கெடுவுக்குள் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க முடியாது" என்று புரியும். பிறகு கோளாறு வந்தால் யார் எச்சரித்தார்கள், யார் எச்சரிக்கவில்லை என்பது இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

சிக்கல் எங்கே?

தமிழில் விளைவு முன்னால் வரும், அளவு பின்னால் வரும். 'குடிக்க முடியாத அளவுக்குச் சூடு' என்பதில் 'முடியாத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அது 'அளவு' என்ற பெயரைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. சூடு கடைசியில்தான் வருகிறது.

ஆங்கிலம் இதற்கு நேர் தலைகீழ். முதலில் அளவு, பிறகு விளைவு: 'டூ ஹாட் டு டிரிங்க்'. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் வெளிப்படையாக இருந்த 'முடியாத' ஆங்கிலத்தில் எங்கே? 'நாட்' என்ற சொல்லே இல்லையே! அது 'டூ' என்ற சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 'டூ' என்றால் 'மிகவும்' மட்டும் அல்ல. 'எல்லை தாண்டிவிட்டது, ஆகவே நடக்காது' என்பதுதான் அதன் முழுப் பொருள்.

இது தெரியாமல்தான் பலர் பாராட்டாக நினைத்து 'யுவர் ரிப்போர்ட் இஸ் டூ டீட்டெய்ல்டு' என்று எழுதிவிடுகிறார்கள். எழுதியவர் சொல்ல நினைத்தது, 'ரொம்ப விரிவா, அருமையா இருக்கு'. படித்தவருக்குக் கேட்டது, 'தேவைக்கு மேல் நீட்டி முழக்கியிருக்கிறாய்'. நண்பர்களுக்குள் 'டூ குட்' என்று சொல்வது வேறு. அலுவலகக் கடிதத்தில் பாராட்டுக்கு 'வெரி' போதும்.

'ஸோ' வந்தால் 'நாட்' வெளியே வரும்

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு 'டூ' என்ற சொல்லை நீக்கி வாக்கியத்தை மாற்றி எழுதும் பயிற்சி நினைவிருக்கும். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பயிற்சியின் உள்ளே இருப்பது இந்த ஒளிந்த 'நாட்' கதைதான். 'தி டீ இஸ் ஸோ ஹாட் தட் ஐ கேனாட் டிரிங்க் இட்' என்று மாற்றும்போது இரண்டு சொற்கள் வெளியே வருகின்றன. ஒன்று 'நாட்'. மற்றொன்று கடைசியில் உள்ள 'இட்'. 'டூ ஹாட் டு டிரிங்க்' என்பதோடு 'இட்' சேர்க்கக் கூடாது. 'ஸோ - தட்' வாக்கியத்தில் அதை விடக் கூடாது.

விளைவு 'முடியாது' என்பதாக இல்லாமல், நடந்துவிட்ட ஒன்றாக இருந்தால் 'ஸோ - தட்' கைகொடுக்கும். 'நாக்கு சுட்டுப்போற அளவுக்குச் சூடு' என்பதற்கு 'ஸோ ஹாட் தட் ஐ பர்ன்ட் மை டங்' என்று சொல்லலாம்.

குற்றாலத்தை நினைத்தால் இது எளிதாகப் பிடிபடும். சீசனில் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் விழுந்தால் 'தேர் இஸ் இனஃப் வாட்டர் டு பேத்'. வெள்ளப்பெருக்கு ஏற்பட்டுக் குளிக்கத் தடை போடும் அளவுக்குப் போனால் 'தி கரன்ட் இஸ் டூ ஸ்ட்ராங் டு பேத் இன்'. அந்த நேரத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் 'வெரி ஸ்ட்ராங்' என்று மட்டும் சொன்னால், ஆசையோடு துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக்கூடும். 'டூ ஸ்ட்ராங்' என்றால்தான் நிற்பார்.

'இனஃப்' விஷயத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. 'போதுமான சூடு' என்று தமிழில் முன்னால் வருவதால் 'இனஃப் ஹாட்' என்று வாயில் வருகிறது. 'ஹாட்' போன்ற பண்புச் சொல் என்றால் 'ஹாட் இனஃப்' என்று பின்னால் வர வேண்டும். 'வாட்டர்' போன்ற பெயர்ச்சொல் என்றால் 'இனஃப் வாட்டர்' என்று முன்னால் வரலாம்.

'டயர்டு' யார்? 'டயரிங்' எது?

அளவைச் சொல்லும் இந்த வாக்கியங்களில் அதிகம் வந்து உட்காருபவை பார்ட்டிசிபிள் எனப்படும் எச்சச் சொற்கள். களைத்துப் போனவர் 'டயர்டு'. களைக்க வைத்த வேலை 'டயரிங்'. உணர்வுக்கு ஆளானவருக்கு 'டு' ஒலியில் முடியும் வடிவம். உணர்வை உண்டாக்கியதற்கு 'இங்' வடிவம்.

'ஐ வாஸ் டூ டயர்டு டு டிரைவ்' என்றால், வண்டி ஓட்ட முடியாத அளவுக்குக் களைப்பு. 'தி மீட்டிங் வாஸ் ஸோ போரிங் தட் டூ பீப்பிள் ஸ்லெப்ட்' என்றால், இரண்டு பேர் தூங்கிவிடும் அளவுக்கு அறுவை. இதையே அவசரத்தில் 'ஐ ஆம் ஸோ போரிங்' என்று சொன்னால், 'நான் ஒரு பெரிய அறுவை' என்று தன்னைப் பற்றியே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்!

வால் பகுதியில் வரும் விளைவு

விளைவைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்னொரு வழியும் உண்டு. முதலில் நடந்ததைச் சொல்லி, ஒரு காற்புள்ளி வைத்து, 'இங்' வடிவத்தில் விளைவைத் தொடுப்பது. 'தி சர்வர் வென்ட் டவுன் அட் நைன், லீவிங் கஸ்டமர்ஸ் அனேபிள் டு பே'. ஒன்பது மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. வாடிக்கையாளர்களால் பணம் கட்ட முடியவில்லை. செய்திகளிலும் அலுவலக அறிக்கைகளிலும் இந்த அமைப்பு நிறைய வரும்.

எச்சத்தை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்கும்போதுதான் கவனம் வேண்டும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பது தமிழில் இயல்பான பேச்சு. பெய்தது மழை, நிறைந்தது குளம். இரண்டும் வேறு வேறு. தமிழ் இலக்கணத்திலும் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம், அதே எழுவாயின் வினையைக் கொண்டுதான் முடிய வேண்டும் என்பது தொல்காப்பிய வினையியலின் பொது விதி. 'மழை பெய்து நெல் விளைந்தது' போன்றவற்றை 'மழை பெய்ய' என்று பொருள்கொண்டு இலக்கணிகள் அமைதி சொன்னார்கள்.

எழுத்து ஆங்கிலத்தில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. 'ஹேவிங் ரெயின்டு, தி டேங்க் ஃபில்டு' என்றால், குளமே மழையாகப் பெய்ததாகப் பொருள் வரும். அலுவலகத்தில் தினமும் நடக்கும் உதாரணம்: 'ஃபைலை செக் பண்ணிப் பார்த்து தப்பு தெரிஞ்சுது'. இதை அப்படியே 'ஹேவிங் செக்டு தி ஃபைல், தி எரர் வாஸ் ஃபவுண்ட்' என்று எழுதினால், ஃபைலைச் சோதித்தது யார் என்பது தொங்கலில் நிற்கிறது. 'ஹேவிங் செக்டு தி ஃபைல், ஐ ஃபவுண்ட் தி எரர்' என்றால், உழைத்தவரின் பெயர் உழைப்போடு சேர்ந்துவிடுகிறது.

அனுப்பும் முன் மூன்று கேள்விகள்

1. அளவு மட்டும் சொல்ல வேண்டுமா, 'அதனால் முடியாது' என்பதையும் சொல்ல வேண்டுமா? அளவு மட்டும் என்றால் 'வெரி'. முடியாது என்றால் 'டூ - டு', அல்லது 'நாட்' சேர்த்து 'ஸோ - தட்'.

2. உணர்வு யாருக்கு, காரணம் எது? உணர்ந்தவருக்கு 'டயர்டு', காரணத்துக்கு 'டயரிங்'.

3. வாக்கியத்தின் தொடக்கத்தில் எச்சம் வந்திருந்தால், காற்புள்ளிக்கு அடுத்து வரும் ஆள்தான் அந்த வேலையைச் செய்தவரா?

டீக்கடையில் அந்த இளைஞர் இதையெல்லாம் யோசிக்கவில்லை. 'வைக்க முடியாத சூடு' என்று சொன்னார். அண்ணாச்சியும் டீயை வாங்கி ஆற்றிக் கொடுத்தார். 'முடியாது' என்பது காதில் விழுந்ததால் நடந்தது அது. மெயிலிலும் அந்தச் சொல் போய்ச் சேர வேண்டும் என்றால், 'வெரி' இருக்கும் இடத்தில் 'டூ' வர வேண்டுமா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.