ஆதாரம் யார் கையில்?

கொடைக்கானலில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, எதை எழுதினாலும் கடைசியில் ஒரு வரி வரும்: ‘ஆதாரங்கள் இணைப்பில்’. இணைக்கத் தாள் இருந்தால் மனு நகரும். இல்லாவிட்டால், எத்தனை உருக்கமாக எழுதினாலும் கட்டோடு கட்டாகக் கிடக்கும். வேலை பார்த்த இடத்தில் நோய் வாங்கியவருக்கு எழுதும் மனுதான் இருப்பதிலேயே கஷ்டம். இந்த ஊர் அதைப் பட்டே தெரிந்துகொண்டது.

நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1983இல் இங்கே செயின்ட் மேரீஸ் சாலைக்கு இடம்பெயர்ந்தது. முதலில் பாண்ட்ஸ் பெயரில் ஓடியது. பிறகு இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. சுற்றுலா சீசனை நம்பியே வாழும் ஊரில் மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலை. யாருக்குக் கசக்கும்?

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது.

கழிவு போய்விட்டது, அங்கே வேலை பார்த்தவர்கள் இங்கேதானே இருக்கிறார்கள்? 2006இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் நோய்க்கு ஆலைதான் காரணம் என்றார்கள். நிறுவனம் மறுத்தது. வல்லுநர் குழு ஒன்று அதற்குப் போதிய சான்று இல்லை என்றது. 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வு பாதிப்பு உண்டு என்றது. 2015இல் சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாட்டு உலகம் சுற்றிய பிறகுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இப்படி ஒரு வழக்கு நடப்பதே தெரிந்தது. 2016 மார்ச்சில் 591 பேருக்கு சமரசத் தொகை கிடைத்தது. தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை. மனிதாபிமான அடிப்படையில் கொடுப்பதாக நிறுவனம் சொன்னது. ஆலை மூடி அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏன் இத்தனை இழுபறி? பாதரசத்தின் குணம் ஒரு காரணம். சாதாரண அறைச் சூட்டிலேயே அது ஆவியாகும். நிறமோ மணமோ கிடையாது. மூச்சில் போகும் ஆவியில் சுமார் 80 சதவீதத்தை நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கைநடுக்கம், ஈறு வீக்கம், மறதி, எரிச்சல், சிறுநீரகக் கோளாறு எல்லாம் அதனால் வரக்கூடியவை. ஆனால் வேலையை விட்டுச் சில மாதங்களில் உடம்பில் ஏறியதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். பல வருடம் கழித்துச் சிறுநீரைப் பரிசோதித்தால் அளவு சரியாகவே காட்டும். கெடுதல் தங்கிவிடுகிறது, தடயம் போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் தடயம், ஆலைக்குள் காற்றில் எவ்வளவு ஆவி இருந்தது, மருத்துவப் பரிசோதனையில் என்ன தெரிந்தது என்ற பதிவேடுகள். அவை தொழிலாளியின் வீட்டில் இருக்காது.

அமெரிக்காவில் இதே முடிச்சை முன்னாள் படைவீரர்கள் விஷயத்தில் அவிழ்த்திருக்கிறார்கள். 1962 முதல் 1971 வரை வியட்நாம் காடுகளின் மீது அமெரிக்கப் படை 7 கோடி லிட்டருக்கும் மேல் களைக்கொல்லி தெளித்தது. அதில் பெரும்பங்கு ‘ஏஜென்ட் ஆரஞ்சு’. அதில் டயாக்சின் என்ற நஞ்சு கலந்திருந்தது. ஊர் திரும்பிய வீரர்களிடம், உன் புற்றுநோய்க்கு அந்த மருந்துதான் காரணம் என்று நிரூபி என்றால் எங்கே போவார்கள்? 1991இல் ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், அது பணியால் வந்ததாகவே அரசு எடுத்துக்கொள்ளும். 2019இல் கடலோரக் கப்பல்களில் இருந்தவர்களையும் சேர்த்தார்கள். 2022 ஆகஸ்ட் 10இல் கையெழுத்தான ‘பாக்ட்’ சட்டம் பட்டியலில் உயர் ரத்த அழுத்தத்தைச் சேர்த்தது. தாய்லாந்து, லாவோஸ், குவாம் போன்ற இடங்களில் இருந்தவர்களுக்கும் கதவு திறந்தது. மருந்து யார் தலைமேல் விழுந்ததோ, அந்த வியட்நாம் மக்கள் தொடுத்த வழக்கை மட்டும் 2005இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

நம்மிடம் இப்படி எதுவும் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே தொழில்நோய்ப் பட்டியல் ஒன்று இருந்தது; 2025இல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. பாதரசத்தால் வரும் நோய்கள் அதில் ஏறியவை. அத்தகைய வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு. ஆனால் வேலையை விட்ட பிறகு நோய் வந்தால், வேலைதான் காரணம் என்பதைக் காட்டும் சுமை தொழிலாளி தலையில் ஏறிவிடும். மெதுவாக வேலை செய்யும் நஞ்சுக்கு அந்த ஒரு ஓட்டை போதும்.

மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் உருளைக்கிழங்கு, பூண்டு, கேரட் வயல்களில் மருந்தடிக்கும் தினக்கூலிகளுக்கு இந்தச் சட்டம் இன்னும் எட்டாத தூரம். இன்று ஒருவர் தோட்டம், நாளை வேறொருவர் தோட்டம். “யார்கிட்ட வேலை பாத்தேன்னு எழுதுறதுண்ணே?” என்று கேட்பார்கள். மருந்து டப்பாவின் லேபிளை செல்போனில் படம் எடுத்து வை, எந்தத் தோட்டம், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் குறி, டாக்டரிடம் போனால் நீ மருந்தடிப்பவன் என்பதைச் சீட்டில் எழுதச் சொல் என்பேன். இது தற்காப்புதான். தீர்வு சட்டத்தில்தான் இருக்கிறது: ஆறு மாதக் கணக்கோ வேலையில் இருக்கும்போதே நோய் வர வேண்டும் என்ற நிபந்தனையோ இல்லாமல், நஞ்சு புழங்கும் வேலை பார்த்த எவருக்கும் பட்டியல் நோய் எப்போது வந்தாலும் அது வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்பவர் தன் பதிவேட்டோடு வந்து நிரூபிக்கட்டும்.