வரிசையில் நிற்கும் நாடும் செயற்பாட்டு முகாமைத்துவப் பாடமும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் எரிபொருள் நிரப்பு நிலையங்களுக்கு முன்னால் மக்கள் நாட்கணக்கில் நின்றார்கள். முச்சக்கர வண்டிக்குள்ளேயே தூங்கினார்கள். வரிசையில் காத்திருந்த நிலையிலேயே சிலர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் என்ற பெயரில் கியூ.ஆர். முறை அறிமுகப்படுத்தப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று ஆரம்ப ஒதுக்கீடு இருந்தது. வாகன இலக்கத்தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து எந்த நாளில் யார் வரலாம் என்றும் முதலில் பிரித்தார்கள். அடுத்து வந்த வாரங்களில் கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்த வரிசைகள் சுருங்கத் தொடங்கின.

எரிபொருள் கப்பல்கள் வந்ததும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால், கப்பல் கணக்கு மட்டும் இதை விளக்கிவிடாது. தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தால், கால்வாசித் தாங்கியோடு ஓடுகிறவர்கூட முழுத்தாங்கியாக நிரப்பி வைத்துக்கொள்கிறார். 10 இலட்சம் மோட்டார் சைக்கிள்காரர்கள் வழமையைவிட 5 லீற்றர் கூடுதலாகத் தாங்கியில் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 இலட்சம் லீற்றர் பெற்றோல் வீதியில் ஓடாமல் வீட்டு முற்றங்களில் நிற்கிறது. யாருடைய தேவையும் கூடவில்லை, ஆனால் வரிசை இரட்டிப்பாகிறது. அடுத்த வாரமும் தனது பங்கு கிடைக்கும் என்ற நிச்சயம் வந்தபோது, மக்களுக்குப் பதுக்கிவைக்க வேண்டிய தேவை குறைந்தது.

கேள்வி எப்படிக் குவிகிறது, கையிருப்பு எங்கே தேங்குகிறது, கொள்ளளவு எங்கே இறுகுகிறது என்று ஆராய்கிற பாடம் ஒன்று நமது பல்கலைக்கழகங்களின் வியாபார நிர்வாகமாணிப் பட்டப்படிப்பில் இருக்கிறது. அதன் பெயர் செயற்பாட்டு முகாமைத்துவம். வரிசைகளாலேயே ஒரு நெருக்கடியை நினைவில் வைத்திருக்கும் நாட்டில், அதிகம் பேசப்படாமல் போகிற பாடமும் அதுதான்.

எதைப் படிக்கிறார்கள்?

ஒரு நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் பிரிவு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது. நிதிப் பிரிவு பணத்தைக் கவனிக்கிறது. சொன்ன பொருளை, சொன்ன தரத்தில், சொன்ன நேரத்துக்கு உண்மையிலேயே செய்து கொடுக்கும் வேலை செயற்பாட்டுப் பிரிவினுடையது. எவ்வளவு உற்பத்தி செய்வது, எவ்வளவு கையிருப்பு வைப்பது, எத்தனை பேரை எந்த வேளையில் வேலைக்கு அமர்த்துவது, தொழிற்சாலையை எங்கே அமைப்பது, பிழையான பொருள் வெளியே போகாமல் எப்படித் தடுப்பது என்பவை எல்லாம் இதற்குள் வரும்.

இந்தப் பாடத்தின் வேர்கள் தொழிற்சாலையில் இருக்கின்றன. 1913இல் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்ட் நகரும் பொருத்து வரிசையைக் கொண்டுவந்தபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்த எடுத்த நேரம் சுமார் 12 மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலமளவுக்குக் குறைந்தது. ஆனால், வரிசைகளைப் பற்றிய கணிதம் தொழிற்சாலையில் பிறந்ததல்ல. 1909இல் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைசெய்த ஏர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர், தொலைபேசி அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்று ஆராய்ந்ததிலிருந்து அது வளர்ந்தது. ஆகவே வைத்தியசாலை, வங்கி, பஸ் நிலையம், பிரதேச செயலகம் எல்லாமே இந்தப் பாடத்தின் எல்லைக்குள்தான் இருக்கின்றன.

ஒரு கிளினிக்கின் கணக்கு

ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். வைத்தியர் காலை 9 மணிக்குத் தொடங்கி 1 மணி வரை பார்க்கிறார். ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் 48 பேரைப் பார்க்கலாம். நம் ஊர்களில் வழமை என்ன? இலக்கத் துண்டு எடுப்பதற்காக எல்லோரும் விடியற்காலையிலேயே வந்துவிடுகிறார்கள். 48 பேரும் 7 மணிக்கு வந்து அமர்கிறார்கள் என்றால், ஒருவர் சராசரியாக ஏறக்குறைய 4 மணித்தியாலம் காத்திருக்கிறார். கடைசி ஆள் கிட்டத்தட்ட 6 மணித்தியாலம்.

இப்போது 12 பேரை 9 மணிக்கும், அடுத்த 12 பேரை 10 மணிக்கும், மற்றவர்களை 11 மணிக்கும் 12 மணிக்கும் வரச் சொல்லுங்கள். சராசரிக் காத்திருப்பு அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடுகிறது. அதே வைத்தியர், அதே 48 நோயாளர், அதே 4 மணித்தியாலம். புதிய கட்டடமும் இல்லை, புதிய ஆளணியும் இல்லை.

நிஜத்தில் இது இவ்வளவு ஒழுங்காக நடக்காது. ஒருவருக்கு 2 நிமிடம் போதும், இன்னொருவருக்கு 12 நிமிடம் வேண்டும். பஸ் பிந்தினால் 9 மணிக்கு வரவேண்டியவர் 10 மணிக்கு வருவார். பாடத்தின் அடுத்த படி இங்கேதான் தொடங்குகிறது. வருகையும் சேவை நேரமும் தற்செயலாக மாறுபடும் மிக எளிய மாதிரி ஒன்றில், சேவை வழங்குபவர் தனது நேரத்தில் 80 வீதம் வேலையாக இருந்தால், 5 நிமிடச் சேவைக்கு ஒருவர் சராசரியாக 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். 90 வீதம் வேலையாக இருந்தால் 45 நிமிடம். 95 வீதம் என்றால் 95 நிமிடம். வேலைப்பளு சிறிதளவு கூடும்போது காத்திருப்பு பல மடங்காகிறது.

'ஆட்கள் சும்மா இருக்கக்கூடாது' என்று ஒவ்வொரு நிமிடத்தையும் நிரப்பும் நிர்வாகி, தெரியாமலே வரிசையை நீட்டிக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் ஓய்வான கொள்ளளவை விட்டுவைப்பது சோம்பல் என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. வரிசைக் கோட்பாடு அதை மக்களின் நேரத்துக்கான காப்புறுதி என்று காட்டுகிறது.

இதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. வைத்தியர் சும்மா இருந்தால் அந்தச் செலவு சம்பளப் பட்டியலில் தெரியும். நாட்கூலிக்குப் போகும் ஒருவர் கிளினிக்குக்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்தால், அது எந்தக் கணக்கேட்டிலும் பதிவாகாது. அந்த இழப்பையும் செலவாகக் கணக்கிடத் தெரிந்த பட்டதாரி ஒருவர் நிர்வாகத்தில் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு.

தையல் வரிசையில் நான்கு பேர்

ஆடைத் தொழிற்சாலைகள் இன்று கிளிநொச்சி வரை வந்துவிட்டன. முகாமைத்துவம் படித்து வெளியேறும் இளைஞர்களில் ஒரு பகுதியினர் அங்கே வேலை ஆய்வு, உற்பத்தித் திட்டமிடல் போன்ற பிரிவுகளுக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் சந்திக்கும் முதற் கணக்கு இப்படி இருக்கும்.

ஒரு ஆடையை நால்வர் அடுத்தடுத்துத் தைக்கிறார்கள். முதலாமவருக்கு 40 விநாடி, இரண்டாமவருக்கு 45, மூன்றாமவருக்கு 60, நான்காமவருக்கு 50. மணித்தியாலத்துக்கு எத்தனை ஆடை வெளியே வரும்? 60 மட்டுமே. மூன்றாவது மெஷினில் உள்ளவரின் 60 விநாடிதான் முழு வரிசையின் வேகம். மற்ற மூவரும் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும், மூன்றாவது மெஷினுக்கு முன்னால் துணிக்குவியல்தான் உயரும். இதைத்தான் இடர்முடிச்சு என்கிறார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த எலியாஹு கோல்ட்ராட் 1984இல் வெளியான 'தி கோல்' என்ற நாவலின் வழியாக இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பினார்.

மூன்றாமவரின் வேலையில் 10 விநாடிப் பகுதி ஒன்றைப் பிரித்து முதலாமவரிடம் கொடுக்க முடிந்தால், நேரங்கள் 50, 45, 50, 50 என்று மாறும். மணித்தியாலத்துக்கு 72 ஆடை. யாருடைய கையும் வேகமாக ஓடாமலேயே உற்பத்தி 20 வீதம் கூடிவிட்டது.

ஆனால், இதே கணக்கை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். மூன்றாமவரின் தலைக்கு மேல் நின்று, 60 விநாடி வேலையை 50 விநாடியில் முடிக்கச் சொன்னாலும் தாளில் விடை 72தான். முதல் வழியில் வேலை மாறியது, இரண்டாவது வழியில் அந்தப் பெண்ணின் உடம்பு வருந்துகிறது. முதல் வழியிலும் முதலாமவரின் மூச்சுவிடும் இடைவெளி சுருங்குகிறது என்பதை மறக்கக்கூடாது. நேர ஆய்வு முறையிலேயே களைப்பு, தண்ணீர் குடித்தல், மலசலகூடம் போதல் ஆகியவற்றுக்கு ஒரு சலுகை வீதத்தைச் சேர்த்தே நியம நேரத்தைக் கணிக்க வேண்டும் என்று இருக்கிறது. பரீட்சைத்தாளில் அது ஒரு வரி. தொழிற்சாலையில் ஒருவர் மலசலகூடம் போக அனுமதி கேட்க வேண்டுமா, இல்லையா என்பதை அந்த வரிதான் தீர்மானிக்கிறது. மீதப்படுத்திய நேரம் யாருக்குப் போகவேண்டும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதை வகுப்பறையில் பேசித்தான் ஆகவேண்டும்.

ஏன் கடினமாகத் தெரிகிறது?

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி படித்து வருகிறவர்களுக்கு நேர்கோட்டு நிரலாக்கம் புதியது. அதோடு, அதுவரை தமிழில் படித்தவர்கள் இதை ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார்கள். ஹைசர் - ரெண்டர், ஸ்டீவன்சன் போன்றோரின் பாடநூல்கள் உலகெங்கும் பயன்படுபவை, நல்ல நூல்களும்கூட. ஆனால், அவற்றின் உதாரணங்களில் பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனங்களைப் பற்றியவை. கணிதம், மொழி, அந்நியமான உதாரணம் என்று மூன்றும் ஒன்றாக வந்து விழும்போது, கடந்தகால வினாத்தாள்களைப் பார்த்துச் சூத்திரங்களை மனனம் செய்வதே பாதுகாப்பான வழியாகத் தெரிகிறது. சித்தியடையலாம். ஆனால், ஒரு வரிசையைப் பார்த்தவுடன் அது ஏன் நீள்கிறது என்று கேட்கும் கண் வளராது.

தேவைப்படும் கணிதம் பயப்படும் அளவுக்கு இல்லை. 1961இல் ஜோன் லிட்டில் நிறுவிய விதி ஒரே ஒரு பெருக்கல்தான்: ஓரிடத்தில் சராசரியாக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, அவர்கள் வந்துசேரும் வீதத்தை ஒருவர் அங்கே கழிக்கும் சராசரி நேரத்தால் பெருக்கியதற்குச் சமன். நிமிடத்துக்கு 2 பேர் வரும் உணவுச்சாலையில் எப்போதும் 30 பேர் இருந்தால், ஒருவர் அங்கே 15 நிமிடம் செலவிடுகிறார்.

விளையாட்டாகவும் கற்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960களில் உருவான விநியோகச் சங்கிலி விளையாட்டு ஒன்று இன்றும் பல நாடுகளில் வகுப்பறையில் ஆடப்படுகிறது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நான்கு பாத்திரங்கள். கடையில் கேள்வி சற்றே கூடினாலும், ஒவ்வொருவரும் பயத்தில் கொஞ்சம் அதிகமாகக் கட்டளையிட, தொழிற்சாலையைச் சேரும்போது அது பேரலையாகிவிடுகிறது. கடதாசியும் பென்சிலும் இருந்தால் போதும். 2022இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நின்ற தலைமுறைக்கு இந்த விளையாட்டை விளக்க அதிக நேரம் எடுக்காது.

இந்தத் துறையில் ஆழமாகப் போக விரும்புவோருக்கு வழிகளும் உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் தீர்மான விஞ்ஞானத் துறை, செயற்பாட்டையும் தொழில்நுட்ப முகாமைத்துவத்தையும் சிறப்புப் பட்டமாகவே கற்பிக்கிறது. விநியோகச் சங்கிலி, துறைமுகச் சேவை, ஆடை உற்பத்தி, வைத்தியசாலை நிர்வாகம் ஆகியவற்றில் இந்த அறிவுக்கு இடமிருக்கிறது.

மற்றவர்களுக்கு இது பட்டத்துக்குள் ஒரேயொரு பாடமாக வந்து போகும். அந்த ஒரு பாடத்துக்குள்ளும் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு காலைப்பொழுது, ஒரு கொப்பியும் கைத்தொலைபேசியும் எடுத்துக்கொண்டு தபாலகத்திலோ வெளிநோயாளர் பிரிவிலோ அனுமதி கேட்டு அமருங்கள். ஒவ்வொருவரும் வந்த நேரம், அழைக்கப்பட்ட நேரம், வெளியேறிய நேரம் என்று மூன்றையும் 50 பேருக்குக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே நேரம் தேங்குகிறது, எந்தச் சிறு மாற்றம் அதைக் குறைக்கும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, அங்குள்ள பொறுப்பதிகாரியிடம் கொடுங்கள். அவர் அதை உடனே ஏற்கவேண்டும் என்றில்லை. ஆனால், அந்த 50 பேரின் காத்திருப்பு முதன்முறையாக ஒரு தாளில் எண்ணாகப் பதிவாகியிருக்கும்.