சொல் ஜோடிகள் – 14: மாத்தூரில் எதுவும் தொங்கவில்லை

கோஸ்ட், ஷோர், பீச் மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். போன வாரம் டேம், அனிகட் ஜோடி. தண்ணீரைத் தேக்கி வைப்பது டேம். ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் தலைமேலேயே வழியவிடுவது அனிகட். முன்கதை இவ்வளவுதான். பழைய இதழ் வீட்டில் எங்காவது கிடக்கும், எடுத்துப் பாருங்கள்.

கடற்கரைக்குப் போகவிடாமல் என்னை மறித்தது மாத்தூர் தொட்டிப்பாலம். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், கைப்பேசியில் ‘மாத்தூர் ஹேங்கிங் பிரிட்ஜ்’ என்று படித்துவிட்டு, கம்பியில் ஆடுகிற பாலத்தைப் பார்க்கும் ஆசையோடு வந்திருந்தார். அருவிக்கரைப் பக்கமாகக் கூட்டிப்போனேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர், “இதுல எதுங்க தொங்குது?” என்றார். அன்னாசிப்பழம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா என்னை முந்திக்கொண்டார்: “தொங்கவா செய்யுது சார்? இருவத்தெட்டு காலுல்லா ஊணி நிக்குது!”

இந்த வாரக் கட்டுரையை அந்த அக்காவே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பறளியாறு பள்ளத்தில் ஓடுகிறது. பட்டணங்கால் கால்வாயின் தண்ணீர் குன்றின் மேல் வருகிறது. அதைப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் எதிர்க்குன்றில் ஏற்ற வழியில்லை. உயரம் குறையாமல் அக்கரை சேர்க்க வேண்டும். அதற்காக 28 தூண்களை நிறுத்தி, நூறு அடிக்கும் மேலான உயரத்தில் அவற்றின் தலையில் கான்கிரீட் தொட்டியை ஏற்றிவைத்தார்கள். ஏழடி உயரம், ஏழரை அடி அகலம். லேசான சரிவு ஒன்றே தண்ணீரை நடத்திக்கொண்டு போகிறது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. காமராசர் எண்ணத்தில் உருவான திட்டம், 1966இல் முடிந்தது. ஓரத்தில் ஆட்கள் நடக்கவும் வழி உண்டு. நடப்பவர்களின் கால் கூசுவதால் ஹேங்கிங் என்று பேர் வைத்தார்களோ என்னவோ.

ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் அக்வடக்ட். லத்தீனில் நீர், நடத்திச் செல்லுதல் என்ற இரண்டும் சேர்ந்தது. இதன் ஜோடி வயடக்ட்: பள்ளத்தின் மேலே வரிசையாகக் கால் ஊன்றி, சாலையையோ ரயிலையோ கொண்டுபோவது. அக்வடக்ட் ரோமானியர் காலத்துப் பழசு. அதைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட சொல் வயடக்ட். இரண்டும் சொல்வது ஒன்றைத்தான்: மேலே போவது எது? தண்ணீரா, வண்டியா?

சஸ்பென்ஷன் பிரிட்ஜ், ஆர்ச் பிரிட்ஜ் என்பவை வேறு வகைப் பெயர்கள். இவற்றுக்கு மேலே எது போகிறது என்ற கவலை இல்லை. பாலம் எப்படித் தாங்கப்படுகிறது என்பதுதான் பேச்சு. நிஜமாகவே தொங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் புனலூருக்குப் போக வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டமும் புனலூரும் ஒரே திருவிதாங்கூராக இருந்தபோது, 1877இல், கல்லடையாற்றின் மேல் சங்கிலியில் தொங்கவிட்ட தூக்குப்பாலம் இன்றும் இருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளம், 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தது. பொறியாளர்கள் இதை போஸ்ட்ரிங் ஆர்ச் என்பார்கள். வளைந்த வில்லிலிருந்து இறங்கும் கம்பிகள்தான் நாம் நடக்கும் தளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆக, தளம் தொங்குகிறது. ஆனால் அதை யாரும் ஹேங்கிங் பிரிட்ஜ் என்பதில்லை. தொங்குகிறதற்குக் கண்ணாடி என்று பேர். ஊன்றி நிற்கிறதற்குத் தொங்கல் என்று பேர்!

மறுபடி தொட்டிக்கு வருவோம். வேல்ஸ் நாட்டில் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டிய பொன்ட்கசில்த்தே என்ற பாலம் 1805இல் திறந்தது. கல் தூண்களின் மேல் இரும்புத் தொட்டி, 126 அடி உயரம். அந்தத் தொட்டிக்குள் படகே போகிறது. ஆங்கிலேயர் இன்றுவரை அதை அக்வடக்ட் என்றுதான் சொல்கிறார்கள்.

படகு என்றதும் கனால், சானல் ஜோடி வந்து நிற்கிறது. கனால் மனிதர் வெட்டியது: சூயஸ், பனாமா. சானல் என்பது தண்ணீர் ஓடும் தடம்; பெரும்பாலும் இயற்கையானது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கிடக்கும் கடலே சானல்தான். அந்தக் கணக்குப்படி நாஞ்சில் நாட்டில் வெட்டியதெல்லாம் கனாலாக இருக்க வேண்டும். ஆனால் நம்மிடம் இருப்பவை அனந்தனாறு சானல், தோவாளை சானல், புத்தனாறு சானல். பாசனத்துக்கு வெட்டியதைச் சானல் என்று எழுதுவது பழைய மராமத்து வழக்கம். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயும் ஆங்கிலத்தில் சானல்தான். விதி என்று சொல்ல மாட்டேன், பட்டணங்காலைக் கனால் என்று எழுதியிருக்கிறார்கள்.

1860இல் படகுப் போக்குவரத்துக்கென்று வெட்டத் தொடங்கியது ஏ.வி.எம். கனால். அனந்தன், விக்டோரியா, மார்த்தாண்டன் மூவரின் பெயர். (சென்னை நண்பர் ஸ்டூடியோவை நினைத்துக்கொண்டார்.) திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை போக வேண்டியது, மண்டைக்காட்டுப் பக்கத்தோடு நின்றுபோனது. ஊரார் அதையும் ஏ.வி.எம். சானல் என்றே சொல்கிறார்கள். கன்னிப்பூ சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையைத் திறந்தால் வயல்காரர் கேட்பது, “சானல்ல தண்ணி விட்டாச்சா? கடைவரம்புக்கு வந்துட்டா?” என்றுதான். ஆங்கில அகராதி எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும், இந்தச் சானல் இனி தமிழ்ச் சொல்.

ஆனால் மாத்தூரை அப்படி விட்டுவிட முடியாது. சுமப்பது எதை என்று கேட்டாலும், நிற்பது எப்படி என்று கேட்டாலும் ஹேங்கிங் பிரிட்ஜ் தப்பு. தொட்டிப்பாலம் என்ற நம் பெயர் தண்ணீர் எதில் போகிறது என்பதையே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதியே தீர வேண்டுமென்றால் அக்வடக்ட் என்று எழுதுங்கள்.

கோஸ்ட், ஷோர், பீச் அடுத்த வாரம், நிச்சயமாக. குளச்சல், முட்டம், மணக்குடி வாசகர்கள் கடலோரத்தின் எந்தெந்தப் பகுதிக்கு என்ன பேர் சொல்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் நல்லது. திங்கள் காலை ஆசிரியர் கூப்பிட்டுவிடுவார்.