வீட்டுச் சர்வரில் கெர்னல் மாறும்போது

ஒரே கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியே இயங்க வழிசெய்யும் நுட்பம் மெய்நிகராக்கம் எனப்படுகிறது. இதற்கெனச் சிறிய சர்வர் ஒன்றை வீட்டிலேயே அமைத்து, புகைப்படச் சேமிப்பையும் நிரல் சோதனைகளையும் வெவ்வேறு மெய்நிகர் கணினிகளில் நடத்துவோர் பலர், வியன்னாவிலிருந்து 2008 முதல் வெளிவரும் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ என்னும் திறமூல மென்பொருளை நாடுகின்றனர். டெபியன் லினக்ஸின் மீது எழுப்பப்பட்ட இதில், வன்பொருளை நேரடியாக ஆளும் உட்கருவான கெர்னலே அத்தனை மெய்நிகர் கணினிகளையும் தாங்குவதால், சர்வர் ஒன்று மட்டுமே உள்ள வீட்டில் புதிய கெர்னல் நடைமுறைக்கு வர அனைத்தையும் நிறுத்தி மறுதொடக்கம் செய்தாக வேண்டும்.

அந்தத் தடங்கலுக்கு அஞ்சிப் புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பானதன்று. மெய்நிகர் கணினிகளுக்கு இடையிலான தடுப்புச் சுவரையே ஐயத்திற்கு உள்ளாக்கிய மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய செயலிக் குறைபாடுகள் 2018 ஜனவரியில் வெளிப்பட்டபோது, கெர்னல் திருத்தங்கள்தாம் முதல் அரணாக நின்றன.

டெபியனில் பழகிய கைகள் இயல்பாகத் தட்டும் ‘ஆப்ட் அப்கிரேட்’ என்னும் கட்டளை ஏற்கெனவே உள்ள எந்த மென்பொருள் தொகுப்பையும் நீக்காது. ஒன்றை நீக்கினால்தான் மற்றொன்றை ஏற்ற முடியும் என்னும் நிலையில், அது பாதி பழையதும் பாதி புதியதுமான அமைப்பை விட்டுச்செல்லக்கூடும் என்பதால், ப்ராக்ஸ்மாக்ஸில் ‘ஃபுல் அப்கிரேட்’ கட்டளையையே பயன்படுத்த வேண்டும்.

மறுதொடக்கத்திற்குப் பின் நேரும் சிக்கல்களுள் பலரையும் திகைக்க வைப்பது, சர்வர் நலமாக இயங்கியும் வலையமைப்பில் தென்படாமல் போவதாகும். வலையட்டை பொருந்தியுள்ள இடத்தைக் கொண்டு லினக்ஸ் அதற்கு ‘இஎன்பி3எஸ்0’ என்பது போலப் பெயரிடுகிறது. புதிய கெர்னல் அட்டையை வேறுவிதமாக அடையாளம் கண்டால் அப்பெயர் மாறிவிட, பழைய பெயரையே நம்பியிருக்கும் ‘விஎம்பிஆர்0’ என்னும் மெய்நிகர் இணைப்புப்பாலம் எதனோடும் இணையாமல் நிற்கிறது. அப்போது திரையையும் விசைப்பலகையையும் நேரடியாகச் செருகி அமைப்புக் கோப்பைத் திருத்துவதைத் தவிர வேறு வழி அரிது. அட்டைக்கே உரிய மாறாத அடையாள எண்ணான மேக் முகவரியோடு பெயரை முன்கூட்டியே பிணைத்துவைப்பது எவ்வளவோ மேல்.

கெர்னலே ஒத்துவராவிட்டால், தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து மீளலாம். ஆனால் இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையில் அமைந்த சேமிப்புத் தொகுதியின் வடிவத்தை உயர்த்திவிட்டால் பின்வாங்க இயலாது. பழைய கெர்னலால் அதைத் திறக்கவே முடியாமலும் போகலாம். ஆதலால் புதிய கெர்னல் சில வாரங்கள் சீராக ஓடும்வரை அந்த வடிவத்தைத் தொடாதிருப்பதே நன்று. மெய்நிகர் கணினி இருக்கும் அதே வட்டில் எடுத்த ஸ்னாப்ஷாட்டை, அதாவது அதன் அந்நேர நிலையின் பதிவை, காப்பு நகலாகக் கருதுவதும் தவறு, ஏனெனில் வட்டு பழுதானால் மூலமும் பதிவும் சேர்ந்தே அழியும். வேறொரு சாதனத்தில் எடுத்த நகலிலிருந்து மெய்நிகர் கணினி ஒன்றைப் புதிய எண்ணில் மீட்டு, வலையிணைப்பைத் துண்டித்த நிலையில் அது இயங்குகிறதா என்று பார்த்த பிறகே புதுப்பிப்பைத் தொடங்க வேண்டும்.