இடம்சார் கற்றலும் ஆசிரியர் பயிற்சியும்: சாமளாபுரம் குளத்தை முன்வைத்து

இடம்சார் கற்றல் என்பது வாழிடத்தையே பாடநூலாகக் கொள்ளும் முறையாகும். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர்க்கு ஆண்டுதோறும் 50 மணிநேரப் பணித்திறன் மேம்பாட்டை எதிர்பார்க்கிறது. அம்மணிநேரம் முழுவதும் அரங்கிற்குள் கழியுமாயின், வெளிக்களத்தில் கற்பிக்கும் திறன் வாய்ப்பது அரிது.

நொய்யலின் நீரைப் பெறும் சாமளாபுரம் குளம் இப்பயிற்சிக்கு ஏற்ற களமாகும். இவ்வூர் திருப்பூருக்கு முன்னதாக ஆற்றின் மேற்போக்கில் அமைந்துள்ளது. எனவே, குளத்து நீரிலும் திருப்பூரைக் கடந்த ஆற்றுநீரிலும் கரைந்துள்ள உப்பின் அளவை ஆசிரியர்கள் தாமே அளந்து ஒப்பிடலாம். கழிவுநீர்ச் சிக்கலால் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. அத்தொழிலால் வாழும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் ஆற்றின் நிலையைப் பழிசுமத்தாது எடுத்துரைத்தல் எளிதன்று. சான்றுகளைத் தாமே திரட்டிப் பழகிய ஆசிரியர்க்கு அது கைகூடும்.